மடை, இரண்டாம் பதிப்பு

தர்மபுரத்தில் பிரதாபன் வீடு எது என்று கேட்டால், "இறைச்சிக்கடைப் பிரதாபனோ, பெட்டிப் பிரதாபனோ?" என்று திருப்பிக் கேட்பார்கள். இது பெட்டிப் பிரதாபனின் கதை.

ஆள் பார்வைக்கு ஒன்றுமில்லை. நாற்பது தாண்டிய, மெலிந்த, முன்தலை வெளித்த மனிதன். பிறந்தது ஒட்டுசுட்டான் பக்கம். பள்ளிக்கூடத்தில் ஓ.எல். சோதனை எழுத வேண்டிய வருசத்தில் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து ஓடிக்கொண்டிருந்தான்; பிறகு எழுதவேயில்லை. யுத்தமெல்லாம் முடிந்து அகதி முகாமால் வெளியே வந்தபோது, வவுனியாவில் ஒரு போன் கடையில் வேலை கிடைத்தது. அங்கே கிடந்த பழைய மடிக்கணினியில் புரோகிராம் எழுதப் பழகினான். ஒருவரும் படிப்பிக்கவில்லை. எரிச்சல்தான் படிப்பித்தது. ஓர் எழுத்துப் பிழைத்தால் போதும், திரை முழுக்க ஆங்கிலத்தில் ஏச்சு வரும். ஏச்சு விளங்கினாலாவது திருப்பி ஏசலாம். அதுவும் விளங்காது. தமிழில் ஏசுகிற ஒன்றை நானே செய்தால் என்ன என்று அவனுக்கு அப்போது தோன்றியது.

சுரேகாவைக் கலியாணம் முடித்து தர்மபுரத்துக்கு வந்த பிறகு அதைச் செய்தான்.

சுரேகாவின் ஊர்க்காரருக்கு ஒரு பொதுக்கிணறு இருக்கிறது. பெரிய கிணறு. மேலே சோலர் தகடு, உள்ளே மோட்டர். அங்கிருந்து ஒரு பைப் காணிகளின் ஓரமாகவே நீண்டு போகும். ஒவ்வொரு காணிக்கும் ஒரு வால்வு. முதற்காணி, கிணற்றோடு ஒட்டினது, சுரேகாவின் அண்ணன் பிரசாந்தனுடையது. கடைசிக் காணி அமராவதியுடையது. அமராவதியின் தாய் தகப்பன் மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு வன்னிக்கு வந்தவர்கள். பிந்தி வந்தவர்களுக்குக் கடைசிக் காணிதான் மிஞ்சியது.

அந்த வால்வுகளை ஆள் போய்த் திருப்பாமல் தானாகத் திறந்து மூடுகிற பெட்டியொன்றைப் பிரதாபன் செய்தான். பெட்டி செய்வது பெரிய வேலையில்லை, அதை வேறு ஆட்களும் செய்வார்கள். அவன் செய்த பெரிய வேலை அந்தப் பெட்டியோடு கதைக்க ஒரு மொழி. மடை என்று அதற்குப் பெயர் வைத்தான். சனம் தங்கள் போனில் தமிழில் எழுதலாம். 'அமராவதி வால்வைத் திற. அரை மணித்தியாலம் விடு. பூட்டு. மழை பெய்தால் விடாதே.' இவ்வளவுதான். ஆனால் பெட்டிக்குத் தமிழ் தெரியாது, இங்கிலீசும் தெரியாது, எண்கள்தான் தெரியும். மனிதன் எழுதினதை வாங்கி எண்ணாக்கிப் பெட்டிக்குக் கொடுக்க நடுவில் ஒன்று வேண்டும். அதற்குப் பெயர் கம்பைலர். பிரதாபன் வருசக்கணக்காகத் தலையைப் பிய்த்துக்கொண்டது அந்தக் கம்பைலரோடுதான்.

எழுதினதில் பிழையென்றால் அது தமிழில் சொல்லும்: 'திறந்த வால்வைப் பூட்ட மறந்துவிட்டீர்கள்.' விவசாயிகள் சங்கத் தலைவர் அப்புத்துரைக்கு இது பெரிய புதினம். "என்ரை மனுசி கூட இவ்வளவு மரியாதையாச் சொல்லமாட்டாள்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

பெட்டி போட்ட வருசம், கடைசிக் காணிப் பக்கத்து மாரியம்மன் கோயில் பொங்கலுக்குப் பிரதாபனைக் கூப்பிட்டார்கள். அமராவதியே வந்து கூப்பிட்டார். கழுத்தில் மாலை போட்டு, முதல் படையலை வாழையிலையில் வைத்து அவன் கையில் கொடுத்தார்கள். அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு பெட்டிக்கு இவ்வளவா என்று யோசித்தான். வாழ்க்கையில் அவன் கழுத்தில் விழுந்த இரண்டாவது மாலை அது. முதலாவது கலியாணத்தில். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் முதல் படையல் அவனுக்குத்தான். போன் திருத்துகிறவன் என்று இருந்தவனுக்கு ஊரில் ஓரிடம் கிடைத்தது. அந்த இடத்தை விட்டால் அவனுக்கு வேறொன்றும் இல்லை. காணியில்லை, படிப்பில்லை, பிள்ளையுமில்லை. பெட்டி கிணற்றடியில் தொங்குகிற வரைக்கும் அவன் ஓர் ஆள்.

ஆனால் பழைய கம்பைலர் நல்ல வேலையில்லை. அது அவனுக்கு மட்டும்தான் தெரியும். அவசரத்தில் கட்டின கொட்டில் அது. ஒரு பக்கம் தகரம், ஒரு பக்கம் கிடுகு, ஒழுகின இடத்தில் தறப்பாள். கச்சான் கடலைக்கு ஒரு வசதி சேர்த்தால் வாழைக்காரர் எழுதின வரி உடையும். வாழையைச் சரிப்படுத்தினால் மழை பெய்தாலும் தண்ணீர் விடும். ஒட்டுசுட்டானிலிருந்தும் புளியங்குளத்திலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்து, "எங்கடை கிணத்தடிக்கும் இப்பிடி ஒண்டு போட்டுத் தாங்கோ" என்று கேட்டார்கள். கொடுக்கப் பயமாக இருந்தது. கொஞ்சம் கூடக் காணிகளைச் சேர்த்தால் கொட்டில் சரிந்துவிடும்.

ஆகவே இடித்தான். உள்ளே இருந்த அத்தனையையும் இடித்து, அத்திவாரத்திலிருந்து திரும்பக் கட்டத் தொடங்கினான். சட்டம் ஒன்றே ஒன்று: வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஒரு மாற்றமும் தெரியக்கூடாது. அதே சொல், அதே வரி, அதே தண்ணீர். உள்ளே மட்டும் எல்லாம் புதிது. இரண்டு மாரிகாலம் அப்படியே போனது. தன் போன் திருத்துகிற கடையைப் பாதி நாள் பூட்டியே வைத்திருந்தான். சுரேகா கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய் வந்துதான் அடுப்பு எரிந்தது.

"ஓடுற பெட்டியைத் திரும்பத் திரும்பக் கிண்டுறியள். ஆர் கேட்டது?" என்று அவள் கேட்டாள்.

"உள்ளுக்கை ஊத்தை, சுரேகா. உமக்குத் தெரியாது."

"உள்ளுக்கை ஆர் வந்து பாக்கப்போகினம்? குசினிக் கூரை ஒழுகுது, அதை ஊரே பாக்குது."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் கொட்டிலைக் கட்டினவனுக்குத்தான் எந்தக் கட்டை உக்கியிருக்கிறது என்று தெரியும். தெரிந்த பிறகு நித்திரை வராது.

ஒருவழியாக முடிந்தது. பரிசோதித்தும் பார்த்தான். சும்மா இல்லை, கவனமாகத்தான். சனம் இவ்வளவு காலமும் எழுதின வரிகள் எல்லாவற்றையும் எடுத்து, ஒவ்வொரு ஆளின் வரியையும் தனித்தனியாகப் பழைய கம்பைலருக்கும் புதியதுக்கும் கொடுத்தான். வந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். ஒன்றுகூட மாறவில்லை. கடைசியாக எல்லாரின் வரிகளையும் ஒன்றாகக் கொடுத்து மேசையில் ஒரு பெட்டியை ஓடவிட்டான். எழுதின ஒழுங்கில், மேலிருந்து கீழே, ஒவ்வொரு பெயராக டிக் டிக் என்று போனது. பார்க்க வடிவாக இருந்தது. கண் கலங்கிவிட்டது அவனுக்கு. அந்த டிக் டிக்கில்தான் அவன் தலையெழுத்து இருந்தது என்று அப்போது எப்படித் தெரியும்.

கோடைப் பயிரான சிறுபோகம் தொடங்க முதல் ஒரு நல்ல நாள் பார்த்து வெளியிட்டார்கள். வெளியீடு என்றால் கிணற்றடியில் நாலு பேர். அப்புத்துரை பெட்டிக்குச் சந்தனம் பூசித் தேங்காய் உடைத்தார். பிரதாபன் போனைப் பெட்டிக்குக் கிட்டப் பிடித்துப் புதியதை ஏற்றினான். மடை, இரண்டாம் பதிப்பு என்று பெட்டியின் சின்னத் திரையில் எழுத்து வந்தது.

"உள்ளுக்கை எல்லாம் புதுசு எண்டுறாய். வெளியிலை அதே கறள் பிடிச்ச தகரப் பெட்டிதானேடாப்பா" என்றார் அப்புத்துரை. "என்னைப் போலை."

"நீங்கள் உள்ளுக்கும் கறள்தான் அண்ணை" என்றான் பிரசாந்தன்.

எல்லாரும் சிரித்தார்கள். அமராவதி தள்ளி நின்று பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் தன் காணிக்குப் போனார். அந்த முறை மிளகாய் போட்டிருந்தார். காணி முழுக்க மிளகாய். வேறொன்றும் இல்லை.

அதன் பிறகு சோளகக் காற்று எழும்பியது. வன்னியில் சோளகம் எழும்பினால் மண்ணில் இருக்கிற ஈரத்தை நக்கித் துடைத்துவிட்டுத்தான் போகும். கிணற்றில் தண்ணீர் இறங்கியது. காலையில் மோட்டர் நன்றாக இறைக்கும். மத்தியானம் தாண்ட அடியில் சேறுதான். ஊறும்வரை பார்த்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் பெட்டி திரும்ப வரிசையின் தொடக்கத்திலிருந்து தொடங்கும். ஆகவே முதலில் திறக்கிற வால்வுக்கு நிறையத் தண்ணீர், கடைசியில் திறக்கிற வால்வுக்குக் காற்று. இது சிறுபோகத்தில் எல்லா வருசமும் உள்ளதுதான்.

அந்த நாட்களில் ஒரு பின்னேரம், பிரசாந்தன் ஓர் உரப்பை நிறையக் கத்தரிக்காயும் பயிற்றங்காயும் மோட்டர்சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து பிரதாபன் வீட்டு வாசலில் இறக்கினான்.

"என்ன மச்சான் இவ்வளவு?"

"சாப்பிடுங்கோ. நீ சொல்லாமலே செய்தாய், நானும் சொல்லாமலே கொண்டுவந்தன்" என்று கண்ணடித்தான் பிரசாந்தன்.

புதுப் பதிப்பு வந்ததுக்கு மச்சானின் பாராட்டு என்றுதான் பிரதாபன் எடுத்துக்கொண்டான். வாய் நிறையச் சிரித்தான். பயிற்றங்காயில் ஒரு பிடியை அடுத்த வீட்டுக்கும் கொடுத்தான். அந்த வறட்சியில் அப்படிக் கொழுத்த காய் ஊரில் வேறு எவரிடமும் இல்லை என்பதை அடுத்த வீட்டுக்காரர் கவனித்தார்கள். இவன் கவனிக்கவில்லை. இவன் அப்போது புளியங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் பெட்டிகள் செய்து வயர் ஒட்டிக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் காலை அப்புத்துரை வந்தார். சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு படலைக்கு வெளியே நின்றார்.

"வாங்கோ அண்ணை. தேத்தண்ணி போடச் சொல்லட்டே?"

"வேண்டாம்."

அப்புத்துரை தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லி அவன் கேட்டதில்லை.

"நீ இப்பிடிச் செய்வாயெண்டு நான் நினைக்கேல்லைத் தம்பி" என்றார். "மச்சான்தான். ரத்த உறவுதான். இல்லையெண்டேல்லை. ஆனால் அதுக்கொரு அளவிருக்கு."

"என்னண்ணை சொல்லுறியள்?"

"தெரியாத மாதிரிக் கேளாதை. போய்க் கடைசிக் காணியைப் பார். பாத்திட்டு வந்து எனக்கு முகத்தைக் காட்டு, காட்ட ஏலுமெண்டால்."

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

பிரதாபன் கட்டின சாரத்தோடு அப்படியே ஓடினான். கிணற்றடியில் பிரசாந்தனின் காணி பச்சைப் பசேல் என்று நின்றது. அதற்கடுத்ததும் பரவாயில்லை. போகப் போக நிறம் வெளுத்தது. கடைசிக் காணியில் மிளகாய்ச் செடிகள் நின்றபடியே செத்திருந்தன. இலை சுருண்டு, பூவெல்லாம் கொட்டி, காலடியில் வெள்ளையாய்க் கிடந்தது. அமராவதி ஒரு வாளியோடு வரிசைக்குள் நின்றார். வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உவர். உவர்த் தண்ணீரைத் தெளித்து உயிரைப் பிடிக்கப் பார்த்திருக்கிறார். அது இருந்த உயிரையும் எடுத்திருந்தது.

"அக்கா, ஏன் எனக்கு ஒரு சொல் சொல்லேல்லை?"

அமராவதியின் பேச்சில் பாதி வன்னி, பாதி மலைநாடு.

"என்னத்தைச் சொல்ல தம்பி? மொத நாளு தண்ணி வரல்லை. கெணறு வத்தியிருக்கும்னு இருந்தன். மத்த நாளும் வரல்லை. நீங்க போட்ட பெட்டிதானே, அது ஞாயமாத்தான் செய்யும், எல்லாருக்கும் இதே கெதிதான்னு நெனைச்சன். பெறகுதான் ஒரு நாள் கெணத்தடிக்கு நடந்து வந்து பாத்தன். அங்க வாய்க்கால் நெரம்ப ஓடுது."

கோபமாகச் சொல்லவில்லை. ஏசியிருந்தால் பிரதாபனுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து சுரேகாவிடம் கேட்டான். அவள் வேலைக்குப் போகத் தலையிழுத்துக்கொண்டு நின்றாள். கேட்டதும் சீப்பு கையில் நின்றுவிட்டது.

"கடைசிக் காணிக்குத்தானே முதல் தண்ணி. அது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்."

"எனக்குத் தெரியாது."

"உங்களுக்குத் தெரியாதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

அவள் சொல்லித்தான் அவனுக்கு விளங்கியது. சனம் திரும்பிக் குடியேறின காலத்தில், முதல் சிறுபோகத்தில், கிணற்றடியில் தண்ணீருக்கு மண்வெட்டியால் வெட்டுப்பட்டிருக்கிறார்கள். ஒருவரின் கை போனது. பிறகு சங்கக் கொட்டிலில் எல்லாரும் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: கடைசிக் காணிக்கு முதல் தண்ணீர், அங்கிருந்து கிணற்றை நோக்கி வர வேண்டும். கிணற்றோடு இருக்கிறவர் வாளியால் அள்ளியாவது பிழைப்பார். கடைசியில் இருக்கிறவருக்குப் பைப்பில் வந்தால்தான் உண்டு. சண்டையை நினைக்க எல்லாருக்கும் வெட்கம். அதனால் அதைப் பற்றி ஒருவரும் பிறகு வாய் திறக்கவில்லை. செய்துகொண்டு மட்டும் இருந்தார்கள். பிரதாபன் அப்போது வவுனியாவில் போன் திருத்திக்கொண்டிருந்தான்.

அப்படியானால் இவ்வளவு வருசமும் பெட்டி எப்படிக் கடைசியிலிருந்து தொடங்கியது? அவன் பழைய கம்பைலரைத் திறந்து பார்த்தான். கன நேரம் தேவைப்படவில்லை. கோப்பைகளைக் கழுவி ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்குகிற மாதிரி, வந்த வரிகளை அடுக்கியிருந்தான். எடுக்கும்போது மேலே இருப்பதுதான் முதலில் கைக்கு வரும், கடைசியாக வைத்தது. பெயர்களை அப்புத்துரை கிணற்றடியிலிருந்து நடக்கிற ஒழுங்கில் சொல்லிக்கொடுத்திருந்தார்: பிரசாந்தன் முதல், அமராவதி கடைசி. அடுக்கின பிழையால் பெட்டி அதைத் தலைகீழாக எடுத்தது. ஊர்க் கட்டுப்பாடும் அதேதான். பெட்டி ஓடின முதல் நாள் அமராவதியின் வால்வு முதலில் திறந்தபோது ஊர்ச்சனம் ஆளை ஆள் பார்த்துத் தலையாட்டியிருக்கிறது: பொடியன் வெளியூரென்றாலும் விசயம் தெரிந்து செய்திருக்கிறான். அந்த நேரம் அவன் குனிந்து மின்சாரம் எவ்வளவு இழுக்கிறது என்று மீற்றரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

புதியதில் அந்தப் பிழை இல்லை. எழுதின ஒழுங்கில் ஒழுங்காக ஓடியது. இரண்டு மாரி இருந்து, பிழையில்லாமல் எழுதியிருந்தான்.

திருத்த எவ்வளவு நேரம்? தேத்தண்ணி ஆற முதல் திருத்திவிட்டான். எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்று ஆட்களே எழுதட்டும் என, 'கடைசியிலிருந்து' என்று ஒரு புதிய சொல்லையும் மொழியில் சேர்த்தான். செத்த மிளகாய்க்கு அது ஒன்றும் செய்யாது. ஆனால் அடுத்த போகத்துக்கு ஆகும். பெட்டி தொங்க வேண்டும். அதுதான் இப்போது அவனுக்கு வேண்டியது, வேறொன்றும் வேண்டாம்.

சங்கக் கூட்டம் அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என்று சொல்லியனுப்பினார்கள். போக முதல் மச்சானைப் போய்ப் பிடித்தான்.

"முதல் நாளே உனக்குத் தெரிஞ்சிருக்குமே மச்சான். ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"என்னத்தைச் சொல்ல?" என்றான் பிரசாந்தன். "தங்கச்சியைத் தந்ததுக்கு இப்பதான் ஒண்டு செய்திருக்கிறாய் எண்டு நான் நினைச்சன். நானே போய் ஊருக்குத் தமுக்கடிக்கிறதே?" பிறகு குரலைத் தாழ்த்தினான். "இஞ்சை பார். அங்கை போய் கம்பைலர் கிம்பைலர் எண்டு ஆலாபனை பண்ணாதை. இடி விழுந்து பெட்டி பழுதாப்போச்சுது எண்டு சொல்லு. கதை முடிஞ்சுது."

"சோளகத்திலை எங்கை மச்சான் இடி?"

"அப்ப எலி கடிச்சதெண்டு சொல்லு. எலிக்கு ஏது காலம்."

சுரேகாவும் கிட்டத்தட்ட அதையே சொன்னாள், வேறு குரலில். "பழுதெண்டு மட்டும் சொல்லுங்கோ. பழுது ஆருக்கும் வரும். ஒருத்தரும் பழுதுக்குக் கோவிக்கமாட்டினம்."

யோசித்துக்கொண்டுதான் போனான். எலி என்று சொல்லுவதா இல்லையா என்று படியேறும் வரைக்கும் தெரியாது. சங்க மண்டபத்துக்குள் எல்லாரும் இருந்தார்கள். பிளாஸ்டிக் கதிரைகள் நிரம்பி, பின்னுக்குச் சுவரோடு ஆட்கள். அமராவதி முன்வரிசையில் இருந்தார். அவரைக் கண்டதும் எலி வாய்க்குள் செத்துவிட்டது.

"இது மச்சானுக்காகச் செய்ததில்லை" என்று தொடங்கினான்.

"பயித்தங்காய் அப்ப நடந்தே வந்தது?" என்று பின்னுக்கிருந்து ஒரு குரல். சிரிப்பு. நல்ல சிரிப்பில்லை.

"பயித்தங்காய் கொண்டுவந்தது உண்மை. ஏனெண்டு எனக்குத் தெரியாது அப்ப. கடைசிக் காணிக்கு முதல் தண்ணி எண்ட விசயமே எனக்கு இந்தக் கிழமைதான் தெரியும்."

"இவ்வளவு வருசமாப் பெட்டி அப்பிடித்தானே விட்டது!" அப்புத்துரை எழும்பிவிட்டார். "தெரியாமலே விட்டது?"

பிரதாபன் அவர் பக்கம் திரும்பினான்.

"ஓம் அண்ணை. தெரியாமல்தான். பழைய கம்பைலரிலை நான் ஒரு பிழை விட்டிருந்தனான். அந்தப் பிழையாலைதான் அது கடைசியிலையிருந்து ஓடினது. புதுசிலை பிழை இல்லை. அதாலைதான் முன்னுக்கிருந்து ஓடிப்போட்டுது."

சொல்லி முடிய, தான் சொன்னது தனக்கே கேட்டது. பிழை விட்டபோது சனம் நன்றாயிருந்தது. பிழையைத் திருத்தினான், மிளகாய் செத்தது. இதை எந்த மனிதருக்கு விளங்கப்படுத்துவது?

"படிச்சவையள் சொல்லுற கதை மாதிரியெல்லோ கிடக்கு" என்றார் ஒருவர். அவனைப் பார்த்து வாழ்க்கையில் முதற்தடவையாக ஒருவர் அப்படிச் சொன்னார்.

அப்போது அமராவதி எழும்பினார். சத்தம் அடங்கியது.

"தம்பி, நான் ஒண்ணு கேக்கிறன். கோயில்ல ஒங்களுக்கு மாலை போட்டமே. மொதப் படையல் குடுத்தமே. எங்க தோட்டத்துச் சனத்தை ஒரு மனுசனா நெனைச்சு மொதத் தண்ணி விட்டீங்கன்னுதான் அதெல்லாம் செஞ்சம். இந்த ஊருல எங்களுக்கு எது கெடைச்சாலும் கேட்டு, கெஞ்சி, சண்டை புடிச்சுத்தான் கெடைச்சது. நீங்க ஒருத்தர்தான் கேக்காமலே குடுத்தீங்கன்னு நெனைச்சிருந்தம்." கொஞ்சம் நிறுத்தினார். "அப்ப அது நீங்க எங்களுக்காகச் செய்யல்லையா?"

அவர்களுக்காகத்தான் என்றால் பொய். இல்லை என்றால், அந்த மனுசி இவ்வளவு வருசமும் வைத்திருந்த ஒன்றைப் பிடுங்கி எறிவது. பிரதாபன் இரண்டு கையாலும் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இல்லையக்கா" என்றான்.

அமராவதி தலையை ஆட்டிவிட்டு இருந்தார். அவர் அழவில்லை. முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டார், கோயிலில் பூசை முடிந்து வெளிக்கிடுகிறவர் மாதிரி.

"திருத்திப்போட்டன்" என்றான் பிரதாபன், எல்லாரையும் பார்த்து. "இனிமேல் 'கடைசியிலிருந்து' எண்டு நீங்களே எழுதலாம். ஆரும் மாத்த ஏலாது. ஒருக்கால் வந்து பாருங்கோ. நாளைக்கே ஏத்திவிடுறன்."

ஒருவரும் பார்க்க எழும்பவில்லை. யாருக்காக விட்டான், யாருக்காக விடவில்லை என்று இனி ஒவ்வொரு நாளும் யோசித்துக்கொண்டிருக்க முடியாது என்றார் அப்புத்துரை. அவர் கெட்ட மனிதரில்லை. சொல்லும்போது பிரதாபனின் முகத்தைப் பார்க்கவில்லை. கையால் திருப்பினால் கண்ணால் பார்க்கலாம். பெட்டியைக் கழற்றுவதென்று தீர்மானம். கை தூக்கச் சொன்னார்கள். பிரசாந்தனும் தூக்கினான். ஊரோடு ஒத்துப்போகாவிட்டால் அடுத்த கை தன் கழுத்தில் என்று அவனுக்குத் தெரியும்.

பெட்டியைக் கழற்ற பிரதாபனே போனான். விடிந்து வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம். கடைசிக் காணியடியில் அமராவதி குந்தியிருந்து வால்வைத் திருப்பிக்கொண்டிருந்தார். தண்ணீர் செத்த மிளகாய்க்குள் ஓடியது. காணியை உழுதுவிட்டுப் பயறு போடப்போகிறார் என்று பிறகு கேள்விப்பட்டான். அவன் கிணற்றடியில் ஆணியைக் கழற்றிக்கொண்டு நின்றதை அவர் கண்டார். கையை உயர்த்தவுமில்லை, முகத்தைத் திருப்பவுமில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செய்தி அவனுக்கு முன்னமே ஒட்டுசுட்டானுக்குப் போய்விட்டது. "கொஞ்சம் பொறுத்துப் பாப்பம் தம்பி" என்று போனில் சொன்னார்கள். புளியங்குளத்தார் போனை எடுக்கவேயில்லை. அந்த வருச மாரியம்மன் பொங்கலுக்கு மேளச் சத்தம் வீடு வரைக்கும் கேட்டது. கூப்பிட ஒருவரும் வரவில்லை. வருவார்கள் என்று சுரேகா சாறியை அழுத்தி வைத்திருந்தாள். சத்தம் ஓய்ந்த பிறகு, அதை மடித்துத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தாள்.

அடுத்த நாள் பின்னேரம், பிரதாபன் திருத்தின பதிப்பை வெளியிட்டான். வெளியிட்டான் என்றால், மேசையில் கிடந்த பெட்டிக்கு ஏற்றினான். வேறு ஏற்ற இடமில்லை. வால்வுக்குப் போக வேண்டிய வயர்கள் வெட்டின முனையோடு தொங்கின. பழைய பெயர்களையே கொடுத்தான். முதல் வரியில் 'கடைசியிலிருந்து' என்று எழுதினான்.

திரையில் எழுத்து வந்தது. பெட்டி டிக் என்றது. அமராவதி. அரை மணித்தியாலம் விட வேண்டும். மேசையில் இருக்கிறபடியால் நேரத்தைச் சுருக்கி வைத்திருந்தான். டிக். அதற்கு மேற்காணி. டிக். அதற்கும் மேல். ஒவ்வொன்றாக ஏறி வந்து, கடைசியில் பிரசாந்தன். எல்லாம் சரி. ஒரு பிழையுமில்லை. வரிசை முடிந்ததும் திரும்ப அமராவதியிலிருந்து தொடங்கியது.

"அதை நிப்பாட்டுங்கோவன்" என்றாள் சுரேகா குசினிக்குள்ளிருந்து.

"ஓம்" என்றான்.

நிற்பாட்டவில்லை. கையை மேசையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். டிக்.